கோத்தகிரிக் குளிரில் சேர்த்த யுகுலேலே: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பழகுநருக்கான யுகுலேலே (நான்கு தந்திகளுள்ள, சிறு கிட்டார் போன்ற கருவி) கிட் ஒன்றை, அதாவது நாமே சேர்க்க வேண்டிய பாகங்களின் தொகுப்பை, வாங்கினால், முன்னரே ஒட்டி முடித்த ஒட்டுப்பலகை உடல், தனியே செதுக்கிய கழுத்து, ஃபிரெட் (வீணையின் மெட்டுப் போன்ற உலோகக் கம்பி) பதித்த விரல்பலகை, தந்திகளை உடலில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ், பிளாஸ்டிக்கில் செய்த நட்டும் (தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) சேடிலும் (பிரிட்ஜின்மேல் அவை உட்காரும் துண்டு), தந்தியை முறுக்கும் நான்கு டியூனர்கள், நான்கு நைலான் தந்திகள், கழுத்தை உடலோடு இணைக்க இரண்டு மரக்குச்சிகள் ஆகியவை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கி வரும். ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம் என்று அதிலுள்ள குறிப்புத்தாள் சொல்லும். சமவெளியில் அது உண்மையாக இருக்கலாம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரியில், வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நவம்பர் வாரத்தில், நானும் குறிப்புத்தாளை நம்பி ஒரே நாளில் முடித்தேன். ஐந்தாம் நாள் நள்ளிரவில் பிரிட்ஜ் முகப்பலகையை விட்டுத் தெறித்து, தந்திகளோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குமாகச் சேர்த்தவற்றில் கண்ட குறைகளையே இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஒரே அறிகுறிக்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதையும், அவற்றுள் ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றை முற்றவைக்கும் என்பதையும் நினைவில் வைத்து, காரணம் உறுதியாகும் வரை அரத்தையும் உப்புத்தாளையும் தொடாமல் இருக்க வேண்டும். தேய்த்த சேடில் திரும்ப வளராது. எஃகு அளவுகோல், தையல் நூல், ஒரு துண்டுத் தாள், கைப்பேசியில் சுருதி காட்டும் ஒரு டியூனர் செயலி ஆகியவை இருந்தால் பெரும்பாலான காரணங்களைக் கண்டுபிடித்துவிடலாம். அளவுகள் யாவும் நட்டிலிருந்து சேடில் வரை 380 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கான்சர்ட் என்ற வகைக்கு உரியவை. அதைவிடச் சிறிய சொப்ரானோ வகையில் அந்த நீளம் 345 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் என்பதால், அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பிரிட்ஜின் பின்விளிம்பு எழும்புகிறது, அல்லது தெறித்தே விட்டது

மலையில் முதலில் எதிர்பார்க்க வேண்டிய குறை இதுதான். நான்கு தந்திகளும் சுருதியில் நிற்கும்போது, சுமார் 15 முதல் 20 கிலோ எடைக்கு ஈடான இழுவிசை அந்தச் சிறு மரத்துண்டின் மேல் இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது. துண்டுத் தாளைப் பிரிட்ஜின் பின்விளிம்பில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால் உடனே தந்திகளைத் தளர்த்திவிட வேண்டும்; ஓரத்தில் பசையைச் சொட்டிவிட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வீண். பிரிட்ஜை முழுவதும் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

காய்ந்த பசை ஒளிபுகும் படலமாக இல்லாமல், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால், அது குளிரில் காய்ந்த பசை. ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசைகள் நீர் வற்றும்போது தம் துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்து படலமாவதால்தான் பிடிக்கின்றன. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த இணைப்பு சரியாக நடப்பதில்லை. இங்கே கணக்கில் வருவது அறையின் வெப்பம் மட்டுமன்று, மரத்தின் வெப்பமும்தான். இரவெல்லாம் சில்லிட்டுக் கிடந்த உடலைக் காலையில் எடுத்து, ஹீட்டர் போட்ட அறையில் உடனே ஒட்டினால், பசை படும் இடம் இன்னும் குளிராகவே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உதகையின் பள்ளங்களில் உறைபனி விழும் நாள்களில் இரவுநேர ஒட்டுவேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

பசை பளபளவென்று முழுப் படலமாக இருந்தும் முகப்பலகையில் மரநார் ஒன்றுகூடப் பெயரவில்லை என்றால், பிரிட்ஜை வெறும் மரத்தின்மேல் ஒட்டாமல் வார்னிஷின்மேல் ஒட்டியிருக்கிறீர்கள். பிரிட்ஜின் எல்லையைக் கூரிய பென்சிலால் வரைந்து, அதற்குள் இருக்கும் வார்னிஷை மட்டும் உளியின் விளிம்பால் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பசை நடுவில் மட்டும் ஒட்டி ஓரங்களில் தொடாமலே இருந்தால், முகப்பலகை சற்றுக் குவிந்தும் பிரிட்ஜின் அடி தட்டையாகவும் உள்ளன என்று பொருள். உப்புத்தாளை முகப்பலகையின்மேல் சொரசொரப்பு மேலே இருக்கும்படி விரித்து, பிரிட்ஜை அதன்மேல் தேய்த்தால் அடிப்பாகம் அதே வளைவைப் பெற்றுவிடும். மரநாரோடு பெயர்ந்து வந்திருந்தால் பசையின்மேல் குற்றமில்லை: எஃகுக் கம்பியைக் கட்டினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். யுகுலேலேயின் முகப்பலகை நைலான், ஃப்ளூரோகார்பன் தந்திகளுக்காகச் செய்யப்பட்டது.

மீண்டும் ஒட்டும்போது, பழைய பசையை முழுவதும் நீக்கியாக வேண்டும், ஏனெனில் காய்ந்த வெள்ளைப் பசையின்மேல் புதுப் பசை பிடிக்காது. உடலையும் பிரிட்ஜையும் பசைப் புட்டியையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வெந்நீர்ப் பையோடு அரைமணி நேரம் வைத்துவிட்டு ஒட்டுங்கள். நாற்பது வாட் குண்டு பல்பு கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஆனால் இப்போது கடைகளில் எல்.இ.டி. பல்புதான் இருக்கிறது, அதில் கோழிக்குஞ்சுகூடக் குளிர் காயாது. ஒலித்துளை வழியாக நுழையும் ஆழமான சி கிளாம்பால் இறுக்கி, வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்து, ஒரு முழு நாள் அப்படியே விடவும். கிளாம்ப் இல்லாதவர்கள் முகப்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் இடையே அளவாக வெட்டிய கட்டையை அண்டை கொடுத்து, மேலே ஐந்து கிலோ படிக்கல்லை ஏற்றலாம். மறுநாளே தந்தி கட்டும் ஆசை வரும். இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

வெறுந்தந்தியில் சுருதி சரியாக இருக்கிறது. விரல் வைத்தால் பிசகுகிறது

கிட்டில் சேர்த்த கருவிகளைப் பற்றிப் பெரும்பாலோர் சொல்லும் குறை இது. இதற்கு மரத்தையோ தந்தியையோ குறைகூறுவது வழக்கம். உண்மையில் இது நீளக் கணக்கு. 12-ஆம் ஃபிரெட்டில் விரல் வைத்தால் தந்தியின் அதிரும் நீளம் பாதியாகி, அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். ஜி, சி, இ, ஏ எனப் பெயர்பெற்ற நான்கு தந்திகளில் கடைசியான ஏ தந்தியை 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்துவிட்டு, 12-ஆம் ஃபிரெட்டில் மெல்ல அழுத்தி மீட்டினால், செயலியின் முள் மறுபடியும் நடுவில் நிற்க வேண்டும். நான்கு தந்திகளிலும், முதலாம், மூன்றாம், 12-ஆம் ஃபிரெட்டுகளிலும் முள் எவ்வளவு விலகுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு எண்களின் போக்குதான் காரணத்தைச் சொல்லும்.

முதலாம் ஃபிரெட்டில் சுருதி நன்றாகக் கூடி, மேலே செல்லச் செல்ல விலகல் குறைந்து, 12-இல் ஏறக்குறையச் சரியாகிவிட்டால், நட்டின் பள்ளங்கள் போதிய ஆழமாக இல்லை. தந்தியை ஃபிரெட்டின்மேல் படவைக்க அதிகமாக அழுத்த வேண்டியிருப்பதால் அது நீண்டு, சுருதி ஏறுகிறது. மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதலாம் ஃபிரெட்டைப் பாருங்கள்: தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு தாளின் தடிமன் இடைவெளி இருந்தால் போதும், அஞ்சலட்டை நுழைகிறது என்றால் பள்ளத்தை ஆழமாக்க வேண்டும். இதற்கென உள்ள அரங்கள் விலை அதிகம். கேஸ் வெல்டிங் முனையில் அடைப்பெடுக்கும் வட்ட அரக்கம்பிகள் இரும்புச்சாமான் கடையில் ஒரு கட்டாகக் கிடைக்கின்றன, அவை பல தடிமனில் இருப்பதால் நான்கு தந்திக்கும் பொருந்துகின்றன. பள்ளம் டியூனர் பக்கமாகச் சற்றுச் சரிய வேண்டும். நாலு இழுப்புக்கு ஒருமுறை தந்தியை வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லா ஃபிரெட்டுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் சுருதி கூடியிருந்தால், விரல்பலகையை நீங்களே ஒட்டும் வகைக் கிட்டாக இருக்கும்; ஒட்டும்போது விரல்பலகை வழுக்கி, அதற்கும் நட்டுக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கும். நட்டின் முன்முகத்திலிருந்து முதலாம் ஃபிரெட்டின் நடு வரை 21.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் வருவது இந்த எண், எந்த அளவுக் கருவிக்கும் பொருந்தும். 22 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், நட்டைத் தட்டிக் கழற்றி, பின்னால் ஒரு மெல்லிய மரச்சீவலைக் கொடுத்து முன்னே தள்ளி ஒட்டிவிடலாம். இவ்வளவு எளிதாகத் தீரும் குறை வேறில்லை.

விலகல் மேலே போகப் போக வளர்ந்து, 12-ஆம் ஃபிரெட்டில் மிக அதிகமாக இருந்தால், பிரிட்ஜ்தான் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுருதி கூடினால் பிரிட்ஜ் கழுத்தை நோக்கி அதிகம் நெருங்கியுள்ளது. குறைந்தால் அதிகம் விலகியுள்ளது. எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம்: அரை சுரத்தை நூறு பங்காக்கினால் வரும் அளவைச் சென்ட் என்று செயலி காட்டும். சேடில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 12-ஆம் ஃபிரெட்டில் சுமார் நாலரை சென்ட் மாறும். முள் 14 சென்ட் கூடுதலாகக் காட்டினால், சேடில் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும்.

சரியாக 380 மில்லிமீட்டரில் ஒட்டியவர்களுக்கும் இந்தக் குறை வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். அழுத்தும்போது தந்தி சற்று நீள்வதால் சுருதி ஏறும், அதை ஈடுசெய்யச் சேடிலை இரண்டு மில்லிமீட்டர் போலப் பின்னே வைக்க வேண்டும். குறிப்புத்தாள்கள் பலவற்றில் இந்த இரண்டு மில்லிமீட்டர் சொல்லப்படுவதில்லை. நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் வரை நீங்களே அளந்து, இரட்டித்து, இரண்டைக் கூட்டுவதுதான் நம்பத்தக்க முறை. தவறு ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள சேடிலின் மேல்முகத்தைப் பின்பக்கம் மட்டும் உயர்ந்து நிற்கும்படி சரித்து அராவினால், தந்தி உட்காரும் புள்ளி பின்னால் போய்விடும். சி தந்தி மட்டும் கூடி ஒலித்தால், தடித்த தந்தியின் இயல்பு அது. அதன் இடத்தில் மட்டும் இப்படிச் சரிக்கலாம். தவறு அதற்கு மேல் என்றால் பிரிட்ஜைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. துணியைப் பிரிட்ஜின்மேல் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் முனையால் மட்டான சூட்டில் பொறுமையாகச் சூடேற்றினால் வெள்ளைப் பசை இளகும். மெல்லிய எஃகுத் தகட்டைப் பின்விளிம்பிலிருந்து, மரநார் ஓடும் திசையிலேயே, நுழைத்து நுழைத்து எடுக்க வேண்டும்.

தந்தி கறகறக்கிறது

எந்த இடத்தில் என்பதே கேள்வி. வெறுந்தந்தியில் மட்டும் கறகறத்து, விரல் வைத்ததும் நின்றுவிட்டால், நட்டின் பள்ளத்தை அதிகமாக அராவிவிட்டீர்கள். நட்டைச் சீவிய பிளாஸ்டிக் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, இறுகியபின் மறுபடி அராவலாம். ஒரே ஓர் ஃபிரெட்டில் கறகறத்தால், அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. பழைய ஏ.டி.எம். கார்டின் குறும்பக்கத்தை மூன்று ஃபிரெட்டுகளின்மேல் நிறுத்திப் பாருங்கள். கார்டு சீசா பலகைபோல் ஆடினால் நடுவில் இருப்பதே குற்றவாளி. கழுத்தின் கீழே மணல் பையைக் கொடுத்து, ஒரு மரத்துண்டை வைத்துச் சிறு சுத்தியால் தட்டினால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தும் மீண்டும் எழும்பினால், அடியில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு. வீணையில் மெட்டு மெழுகில் நிற்பதால் இளக்கி நகர்த்தலாம். இதில் உலோகக் கம்பி மரப்பள்ளத்தில் அறையப்பட்டிருப்பதால் அந்தச் சலுகை கிடையாது.

எல்லா இடத்திலும் கறகறத்தால் தந்திகளின் உயரத்தை அளக்க வேண்டும். 12-ஆம் ஃபிரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அங்கே அரை மில்லிமீட்டர் உயர்த்த, சேடிலின் அடியில் ஒரு மில்லிமீட்டர் கொடுக்க வேண்டும். இறக்குவதற்கும் இதே இரட்டைக் கணக்குதான். கறகறப்பு எந்த ஃபிரெட்டோடும் பொருந்தாமல், குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் எங்கிருந்தோ கேட்டால், தந்தியை விட்டுவிட்டு டியூனரின் வளையங்களையும், தந்தியின் வெட்டாத வால் முகப்பலகையில் தொடுகிறதா என்பதையும், உள்ளே பலகையைத் தாங்கும் சட்டம் ஏதும் ஒட்டு விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். விரல் கணுவால் முகப்பலகையைச் சுற்றிலும் தட்டினால், ஒட்டு விட்ட இடம் ஓட்டைச் சட்டிபோல் ஒலித்துக் காட்டிக்கொடுக்கும். எனக்கு இரண்டு மாலைகளை வீணாக்கிய ஒரு கறகறப்பு, கடைசியில் சட்டைப் பொத்தான் முதுகுப்பலகையில் உரசியதாக முடிந்தது.

தந்தி விரல்பலகையின் ஓரத்தை விட்டு வெளியே ஓடுகிறது

கழுத்து கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. குச்சிகள் இரண்டு இருப்பதால் கழுத்து தானே நேராக நிற்கும் என்று நம்பியதன் விளைவு. கிட்டில் துளைகள் குச்சியைவிட அகலமாக இருப்பது சாதாரணம். பசை போடும் முன், நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜ் வரை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டி, இருபுறமும் விரல்பலகையின் ஓரத்துக்கு ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஒட்டியாகிவிட்டது, விலகலும் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் என்றால், கழுத்தை விட்டுவிட்டுப் பிரிட்ஜைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கழுத்தின் அடிக்கும் உடலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், அதில் மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பட்டி பார்ப்பது கண்ணுக்குத்தான் மறைப்பு, இழுவிசைக்கு அது தாங்காது. மூட்டைச் சூடேற்றிப் பிரித்து, மரச்சீவல் வைத்து ஒட்ட வேண்டும்.

சுருதி நிற்பதேயில்லை

தந்தி கட்டி ஒரு வாரம் ஆகவில்லை என்றால் இது குறையே அன்று. நைலான் நீண்டுகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்து இழுத்துச் சேர்த்தால் சீக்கிரம் அடங்கும். வாரம் கடந்தபின்னும் இறங்கினால், முடிச்சின் அருகே தந்தியில் பென்சில் கோடு ஒன்று போடுங்கள். மறுநாள் கோடு நகர்ந்திருந்தால் பிரிட்ஜில் முடிச்சு நழுவுகிறது, இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினால் போதும். பல்சக்கரம் இல்லாத உராய்வு டியூனர் என்றால் அதன் பின்னாலுள்ள திருகைக் கால் சுற்று முடுக்குங்கள். திருகும்போது சுருதி அசையாமல் நின்று, பிறகு "டிக்" என்ற ஒலியோடு தாவினால், நட்டின் பள்ளம் தந்தியைக் கவ்வுகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் தீரும்.

மூடுபனி இறங்கும் மாலையில் நான்கு தந்திகளும் சேர்ந்தே ஒரு பக்கமாகப் பிசகினால் கருவியில் கோளாறில்லை. இம்மலையின் பழங்குடியினரான கோத்தரின் ஊர்களில் தோற்கருவிகளைத் தீயில் காய்ச்சிவிட்டு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யுகுலேலேயை மட்டும் அப்படிக் காய்ச்சிவிடாதீர்கள்; அடுப்படிச் சுவரில் மாட்டுவதும் அதே தவறுதான்.

மெருகு வெளுத்துப்போகிறது, ஒலி மந்தமாக இருக்கிறது

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகை மழைநாளில் பூசினால், ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தைத் தன்மேல் படியவைத்து, பாலாடைபோல வெளுக்கும். சுரண்ட வேண்டாம். வெயில் வந்த ஒரு நண்பகலில், ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே திசையில் ஒருமுறை துடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சாயம் ஏறாமல் திட்டுத்திட்டாக நிற்கும் இடங்கள் பசை சிந்திய இடங்கள். மெருகுக்கு முன்பே ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் அவை வெளிறித் தெரியும், அப்போதே சுரண்டிவிடலாம்.

ஒலி மந்தத்துக்கு, முகப்பலகையில் ஏற்றிய மெருகின் கனமே பெரும்பாலும் காரணம். மேசைக்கு அடிப்பதுபோல் ஐந்தாறு கோட் மெலமைன் அடித்த கருவி எப்படி ஒலிக்கும்? 400 எண் உப்புத்தாளால் முகப்பலகையில் மட்டும் மெருகைக் குறைத்துப் பாருங்கள். மரத்தை மாற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 1879-இல் போர்ச்சுகலின் மதீராத் தீவிலிருந்து ஹவாயின் ஹொனலுலுவில் வந்திறங்கிய தச்சர்கள் இந்தக் கருவிக்குத் தேர்ந்த கோஆ மரம், நம் மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கும் சீகை மரங்களைப் போலவே அகேசியா இனத்தது என்பது உண்மை. ஆனால் விறகுக்கட்டிலிருந்து முகப்பலகை அறுப்பது வேறு கலை. முதல் கிட்டோடு அதைக் கலக்க வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரியில் விரல்பலகையின் ஓரம் கையைக் கிழிக்கிறது

மழைமாதத்தில் சேர்த்த கருவியில் இது ஏறத்தாழ நிச்சயம். மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில் சுருங்கும். பனிக்காலத்து வறண்ட காற்றில் விரல்பலகை ஒடுங்க, உலோக ஃபிரெட்டுகள் அதே அகலத்தில் நின்று முனைகளை வெளியே நீட்டுகின்றன. பக்கவாட்டில் காகித டேப்பை ஒட்டிக்கொண்டு, மெல்லிய அரத்தைச் சாய்வாகப் பிடித்து, எல்லா முனைகளையும் ஒருசேர நீளவாக்கில் அராவுங்கள். மரத்தில் அரம் பட்டதும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முனையின் கூரையும் 600 எண் உப்புத்தாளால் தனித்தனியே மழுக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் இதைச் செய்தால், மறுபடி மழை வந்து மரம் விரிந்த பின்னும் முனைகள் உள்ளடங்கியே இருக்கும். நவம்பரில் செய்தால் அடுத்த பனிக்காலத்தில் திரும்பவும் அரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.